ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இரண்டு வீம் பேக்கப் சர்வர்: எதை முதலில் அப்கிரேட் செய்வது?

கெடிலக்கரையான் கேட்டது:

வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கங்க. சுருக்கமா கேட்டா "எது எதோட பேசுது"ன்னு நீங்களே திருப்பிக் கேப்பீங்க.

கடலூர்க்காரன். அட்டைப்பெட்டி செய்யற கம்பெனியில வேலை. புதுச்சேரி சேதராப்பட்டுல ஒரு ஆலை, கடலூர் சிப்காட்ல இன்னொண்ணு. ரெண்டுக்கும் ஐடின்னா நான்தான். கூட ஒரு பையன் இருக்கான். ஆனா பார்கோடு பிரிண்டர், சிசிடிவி, கைரேகை மெஷின் எல்லாம் அவன் தலையிலதான். ஆளைக் கையிலேயே பிடிக்க முடியாது.

ரெண்டு இடத்திலயும் விஎம்வேர் (ஒரே சர்வருக்குள்ள பல மெஷினை ஓட்டற மென்பொருள், அந்த உள் மெஷின்தான் விஎம்) மேல இஆர்பி, டேலி, ஃபைல் சர்வர், டொமைன் கன்ட்ரோலர் (எல்லாரோட லாகினையும் சரிபாக்கற சர்வர்) ஓடுது. பேக்கப்புக்கு வீம்ங்கிற மென்பொருள். எனக்கு முன்னாடி இருந்தவர் கட்டி வச்சது இப்படி. புதுச்சேரியில ஒரு வீம் சர்வர், பக்கத்துல ஒரு விண்டோஸ் ரெப்போ (பேக்கப் ஃபைலைச் சேர்த்து வைக்கிற மெஷின்). கடலூர்ல ஒரு வீம் சர்வர், பக்கத்துல ஒரு லினக்ஸ் ரெப்போ, அது ஊபுன்டு 20.04. புதுச்சேரி சர்வர் ராத்திரி தன்னோட விஎம்களை அங்கேயே எடுத்து வச்சுட்டு, விடியக்காலை பேக்கப் காப்பி ஜாப் மூலமா கடலூர் லினக்ஸுக்கு ஒரு நகல் தள்ளும். கடலூர் சர்வர் அதே மாதிரி புதுச்சேரிக்குத் தள்ளும். ஆக, ரெண்டு ரெப்போவும் ரெண்டு வீம் சர்வரோட கன்சோல்லயும் சேர்த்திருக்கு. இதுக்கு மேல, ரெண்டு வீம் சர்வரையும் ஒரே இடத்துல பாத்துக்க ஒரு என்டர்பிரைஸ் மேனேஜர், சேதராப்பட்டுல தனி விஎம்ல. விண்டோஸ் எல்லாம் ஒரே ஆக்டிவ் டைரக்டரி டொமைன்ல (எல்லா யூசருக்கும் மெஷினுக்கும் பொதுவான லாகின் அமைப்பு), வீம் சர்வர்களும் சேர்த்துத்தான்.

இப்படிக் கட்டினதுக்குக் காரணம் உண்டு. 2011 டிசம்பர்ல தானே புயல் இங்கே என்ன பண்ணுச்சுன்னு தெரியும். அதுக்கப்புறம் "நகல் ஆத்துக்கு அந்தப் பக்கமும் இருக்கணும்"னு முதலாளியே சொன்னாராம். போன வருஷம் (2024) ஃபெஞ்சல் புயல் வந்தப்ப சேதராப்பட்டுல கரண்ட் இல்லாத நேரத்துல கடலூர் நகலை வச்சுத்தான் பில் போட்டோம். அதனால யாரும் இதைக் குறை சொல்ல மாட்டாங்க.

பிரச்சினை என்னன்னா, ரெண்டு சர்வரும் 12.1.2.172 பதிப்புலயே நிக்குது. அதுக்கப்புறம் வந்த பாதுகாப்பு பேட்ச் எதையும் போடலை. இந்த மாசம் (2025 அக்டோபர்) இன்னொண்ணு வந்திருக்கு. படிச்சதும் வயித்தைக் கலக்குது. கணக்கு மேனேஜர்கிட்ட ஒரு ராத்திரி பேக்கப் இல்லாம இருக்கும்னு சொன்னா, "நல்லா ஓடற வண்டியை எதுக்குய்யா கழட்டிப் பாக்குற"ங்கிறார்.

என் திட்டம்: இந்த வாரம் கடலூரை மட்டும் ஏத்திப் பாக்கறது. ஒரு வாரம் ஓட விட்டு, சரியா இருந்தா தீபாவளிக்கு அப்புறம் புதுச்சேரி. ஒண்ணு கவுந்தாலும் இன்னொண்ணு இருக்குமே. இது சரியா? லினக்ஸ் ரெப்போவுல ஊபுன்டுவையும் அப்படியே 22.04க்கு மாத்திடலாமா? இல்ல வேற வரிசை இருக்கா?


சுண்ணாம்பாறு எழுதியது:

வீம் சர்வரை இணையத்துக்குத் திறந்து விட்டிருக்கீங்களா? இல்லேல்ல. அப்புறம் என்ன அவசரம்? வடகிழக்குப் பருவமழை ஆரம்பிக்கிற நேரத்துல பேக்கப்பைக் கை வைக்காதீங்க. பொங்கலுக்கு அப்புறம் நிதானமா பண்ணிக்கலாம்.


முத்தியால்பேட்டை எழுதியது:

சுண்ணாம்பாறு தம்பி சொல்றதுல மழை விஷயம் மட்டும் சரி. மத்தது தப்பு.

"இணையத்துல திறக்கலை"ங்கிறது இந்த வகைக் கோளாறுக்குப் போதுமான பதில் இல்லை. 2024 செப்டம்பர்ல வந்த சிவிஇ-2024-40711ஐ எடுத்துக்க (சிவிஇங்கிறது பாதுகாப்பு ஓட்டைக்குக் கொடுக்கற பொது எண்). ஆபத்துல பத்துக்கு 9.8 மதிப்பெண். லாகின்கூட இல்லாம வீம் சர்வர்ல என்ன வேணும்னாலும் ஓட வைக்கலாம். அதை அகீரா, ஃபாக் கும்பல்கள் எப்படிப் பயன்படுத்தினாங்கன்னு சோஃபோஸ்ங்கிற பாதுகாப்பு கம்பெனி அந்த அக்டோபர்லயே வெளியிட்டாங்க. வீம் போர்ட்டை யாரும் வெளியிலிருந்து தட்டலை. ஓடிபி மாதிரி இரண்டாவது உறுதிப்பாடு வைக்காத விபிஎன் (வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ள வர்ற பாதை) வழியா, திருடின பாஸ்வேர்டோட உள்ள வந்தாங்க. வந்து பேக்கப் சர்வரைத்தான் பிடிச்சாங்க. ஏன்னா ஃபைலை எல்லாம் பூட்டி வச்சுட்டுப் பணம் கேக்கறவனுக்கு முதல் இடைஞ்சல் நம்ம பேக்கப்தான்.

கெடிலக்கரையான், உனக்கு இதுல இன்னொரு சுருக்கு இருக்கு. அந்தக் கோளாறு 12.1.2.172 வரைக்கும் உண்டு. முழுசா அடைச்சது 12.2.0.334ல. நீ நிக்கிறது சரியா அந்த விளிம்புல.

அடுத்தது, 2025 மார்ச்ல சிவிஇ-2025-23120. இது டொமைன்ல சேர்ந்த வீம் சர்வருக்குன்னே வந்த மாதிரி. டொமைன்ல எந்தச் சாதாரண யூசர் இருந்தாலும் போதும், உன் டெஸ்பாட்ச் கிளார்க்கோட அக்கவுன்ட்டா இருந்தாலும் சரி, அதை வச்சு வீம் சர்வரைப் பிடிச்சிடலாம். 12.3.1ல அடைச்சாங்க. ஜூன்ல அதே ரகத்துல இன்னொண்ணு, அதுக்கு 12.3.2. இந்த அக்டோபர்ல மறுபடியும் டொமைன் சர்வருக்கு ரெண்டு, அதுக்கு 12.3.2.4165. ஒரே சுவத்துல மறுபடி மறுபடி ஓட்டை விழுதுன்னா, நாம அந்தச் சுவத்துல சாய்ஞ்சுக்கிட்டு உட்காரக் கூடாது. டொமைன்ல இருந்து வெளியே வர்றதைப் பத்தி அப்புறம் சொல்றேன்.

இப்ப உன் கேள்வி. "ஒரு வாரம் கடலூர், அடுத்து புதுச்சேரி"ன்னு பிரிக்கிறது தனித்தனியா நிக்கிற சர்வருக்கு நல்ல யோசனை. உன்னுது தனித்தனியா நிக்கலை. ரெண்டு ரெப்போவும் ரெண்டு கன்சோல்லயும் பதிவாகி இருக்குன்னு நீயே எழுதியிருக்க. ஒவ்வொரு ரெப்போ மெஷின்லயும் வீமோட டேட்டா மூவர் சர்வீஸ் ஒண்ணு ஓடும். நகல் போறது வர்றதெல்லாம் அதோட வேலை. நீ கடலூர் வீம் சர்வரை ஏத்தினதும், கன்சோல்ல "இந்தக் கூறுகள் பழசா இருக்கு"ன்னு ஒரு பட்டியல் வரும். அதுல கடலூர் லினக்ஸும் இருக்கும், புதுச்சேரி விண்டோஸும் இருக்கும். சரின்னு அமுக்கினா ரெண்டுலயும் டேட்டா மூவர் புதுசாயிடும். அன்னைக்கு ராத்திரி புதுச்சேரியோட பழைய சர்வர் தன் ரெப்போவைத் தேடிப் போகும். அங்கே தன்னைவிடப் புதிய பதிப்பு உட்கார்ந்திருக்கும். ஜாப் எல்லாம் சிவப்பு. அமுக்காம விட்டா, கடலூர் ஜாப் ஓடாது. ஏன்னா பழைய கூறுகளை வச்சுக்கிட்டுப் புதிய சர்வர் வேலை செய்யாது. அதனால ஒரு வார இடைவெளிங்கிறது உனக்குக் கிடையாது. ரெண்டும் ஒரே மூச்சுல முடியணும்.

ஒரே ரெப்போவை ரெண்டு வீம் சர்வர்ல சேர்க்கிறது அவங்களே பரிந்துரைக்காத அமைப்பு. உங்க பழைய ஆள் புயலை நினைச்சுக் கட்டினார், பேட்ச்சை நினைச்சுக் கட்டலை.

வரிசை இப்படி வச்சுக்க. முதல்ல என்டர்பிரைஸ் மேனேஜர். புது மேனேஜர் பழைய வீம் சர்வரைப் பாத்துக்கும், பழைய மேனேஜருக்குப் புது சர்வரைப் பாத்துக்கத் தெரியாது. அது முடிஞ்சதும் ரெண்டு கன்சோல்லயும் எல்லா ஜாப்பையும் டிசேபிள் பண்ணு. நிறுத்தினா மட்டும் பத்தாது, நடுவுல அட்டவணைப்படி கிளம்பிடும். உடனடி மீட்பு (பேக்கப்ல இருந்தே நேரடியா விஎம்மை ஓட்டறது) எதாவது பாதியில தொங்குதான்னு பாரு. அப்புறம் சின்ன சர்வர், உன் கணக்குல கடலூர். அந்தக் கூறுகள் பட்டியல்ல எல்லாத்தையும் டிக் பண்ணி ஏத்திடு. அந்த நிமிஷத்துல இருந்து புதுச்சேரி பேக்கப் எடுக்க முடியாதுன்னு நினைச்சுக்க. உடனே புதுச்சேரி. ரெண்டும் 12.3.2க்கு வந்ததும் 4165 வரைக்கும் ஏத்து. கடைசியில ஒவ்வொரு சர்வர்லயும் ஒரு சின்ன ஜாப், ஒரு காப்பி ஜாப், ஒரு ரெஸ்டோர். ஜாப் பச்சையா முடிஞ்சதுன்னு மட்டும் பாத்துட்டு வீட்டுக்குப் போயிடாதே. ஒரு டேலி ஃபோல்டரை எடுத்து வேற இடத்துல திறந்து பாரு.

இதுக்கெல்லாம் முன்னாடி கான்ஃபிகரேஷன் பேக்கப், ரெண்டு சர்வர்லயும். அதுல என்கிரிப்ஷன் போட்டு எடு. போடலைன்னா நீ சேமிச்சு வச்ச பாஸ்வேர்ட் எதுவும் அதுக்குள்ள வராது. சர்வரைப் புதுசா எழுப்ப வேண்டி வந்தா எஸ்எக்ஸ்ஐ (விஎம்களை ஓட்டற விஎம்வேர் சர்வர்), லினக்ஸ், டொமைன் எல்லாத்துக்கும் பாஸ்வேர்டைத் தேடிக்கிட்டு நிப்ப. அந்த ஃபைலை வீம் சர்வர்லயே வச்சுக்கிட்டும் பிரயோஜனம் இல்லை, ஒரு பென் டிரைவ்ல எடுத்துப் பீரோவுல வை. என்கிரிப்ஷன் பாஸ்வேர்டைத் தனியா எழுதி வை.

லைசென்ஸ் பக்கத்துல சப்போர்ட் முடியற தேதியையும் இப்பவே பாத்துக்க. லீவு நாள்ல அது காலாவதின்னு தெரிஞ்சா போன் எடுக்க ஆள் இருக்காது.

ஊபுன்டுவை அதே நாள்ல தொடாதே. 20.04க்கு வழக்கமான ஆதரவு 2025 மே மாசத்தோட முடிஞ்சது, மாத்தணும்தான். ஆனா ஒரே ராத்திரியில வீமும் மாறி ஆபரேட்டிங் சிஸ்டமும் மாறி, காலையில காப்பி ஜாப் நின்னா எதுனால நின்னதுன்னு யார் சொல்றது?

நாள் எப்போங்கிறது உன் ஊர் வழக்கம்தான். நவம்பர் 1 புதுச்சேரிக்கு விடுதலை நாள், லீவு. கடலூர் சிப்காட்ல அன்னைக்கு வேலை ஓடும். ரெண்டு பக்கமும் மூடியிருக்கிறது தீபாவளிதான். இந்தத் தடவை திங்கட்கிழமை வருது, ஞாயிறும் சேர்ந்து கிடைக்குது. வீட்டுல திட்டுவாங்க. ஆனா நவம்பர் பொறந்துட்டா வங்கக்கடல்ல எது எப்ப சுழலும்னு தெரியாது.


வெள்ளிக்கடற்கரை எழுதியது:

முத்தியால்பேட்டை சார் சொன்ன வரிசையில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் கடலூரில் ஒரு மருத்துவமனையில் சிஸ்டம் நிர்வாகம் பார்க்கிறேன். ஒன்றை மட்டும் அதற்கு முன்னால் சேர்க்க வேண்டும்.

கெடிலக்கரையான் சார், உங்கள் சர்வர் ஒரு வருடத்துக்கு மேல் அந்த ஓட்டையோடு இருந்திருக்கிறது. பேட்ச் போட்டால் கதவு மூடும். ஏற்கெனவே உள்ளே வந்து உட்கார்ந்திருப்பவரை அது வெளியே அனுப்பாது. அதனால் அப்கிரேடுக்கு முன்னால் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பாருங்கள்.

இரண்டு வீம் சர்வரிலும் லோக்கல் யூசர் பட்டியலைத் திறங்கள். சோஃபோஸ் விவரித்த தாக்குதல்களில் வீமின் மவுன்ட் சர்வீஸ் வழியாக "பாயிண்ட்" என்ற பெயரில் ஒரு லோக்கல் அக்கவுன்ட் உருவாக்கி, அதை அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவிலும் ரிமோட் டெஸ்க்டாப் குழுவிலும் சேர்த்திருந்தார்கள். அதே பெயரில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. உங்களுக்கு அடையாளம் தெரியாத எந்தப் பெயரும் சந்தேகத்துக்குரியதுதான். செக்யூரிட்டி லாகில் 4720 என்றால் புதிய யூசர் உருவானது, 4732 என்றால் லோக்கல் குழுவில் சேர்க்கப்பட்டது. இந்த இரண்டு எண்ணையும் வடிகட்டிப் பார்த்தால் போதும். லாக் சில நாட்களிலேயே அழிந்து போகும் அளவில் வைத்திருந்தால் அதையும் பெரிதாக்குங்கள். 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் (மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) பிறப்பித்த உத்தரவுப்படி 180 நாள் லாக் வைத்திருக்க வேண்டும். ஊடுருவல் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் கணக்கு மேனேஜரிடம் பேசும்போது இந்த 6 மணி நேரத்தைச் சொல்லுங்கள். எங்கள் நிர்வாகத்தில் தொழில்நுட்பக் காரணம் எதுவும் எடுபடவில்லை, இது எடுபட்டது.

சந்தேகமாக ஏதாவது கண்ணில் பட்டால் அப்கிரேடைத் தொடங்காதீர்கள். அந்த மெஷினை நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வைத்துவிட்டு முதலில் அதைக் கவனியுங்கள். அப்கிரேட் செய்து ரீஸ்டார்ட் செய்தால் தடயங்களில் பாதி போய்விடும்.

வீமில் சேமித்த பாஸ்வேர்டுகளும் வெளியே போயிருக்கலாம் என்று எண்ணிக்கொள்வது நல்லது. 2023 மார்ச்சில் வந்த சிவிஇ-2023-27532 அந்த வகைதான்: 9401 போர்ட் வழியாக, லாகின் இல்லாமலே, சேமித்த பாஸ்வேர்டுகளை எடுக்க முடிந்தது. உங்கள் பதிப்பில் அது அடைபட்டுவிட்டது. ஆனால் அடைபடுவதற்கு முன்பிருந்த அதே எஸ்எக்ஸ்ஐ ரூட் பாஸ்வேர்ட்தான் இன்றும் ஓடுகிறதா என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு விஷயம், கொஞ்சம் கசப்பானது. கடலூரும் புதுச்சேரியும் ஒரே புயலின் பாதை. தானே 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்ததே இந்த இரண்டு ஊருக்கும் இடையில்தான். ஃபெஞ்சலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. இரண்டு நாள் கழித்து சாத்தனூரில் திறந்த தண்ணீர் தென்பெண்ணை வழியாகக் கடலூருக்கு வந்தது. உங்களுக்குச் சேதராப்பட்டில் கரண்ட் போனபோது கடலூர் நகல் உதவியது, சரி. அதே வாரத்தில் உங்கள் கடலூர் ஆலைக்குள் தண்ணீர் வந்திருந்தால்? மூன்றாவது நகல் ஒன்று தள்ளி இருக்க வேண்டும்.


சுண்ணாம்பாறு எழுதியது:

பொங்கலை வாபஸ் வாங்கிக்கறேன். அந்த விபிஎன் கதையைப் படிச்சதும் எங்க ஆபீஸ் விபிஎன்ல ஓடிபி இருக்கான்னு போய்ப் பாத்தேன். அதைப் பத்தி இங்க எழுதலை.

மூணாவது நகலுக்கு, ரெண்டு வெளி டிஸ்க் வாங்கி வாரம் மாத்தி மாத்தி விழுப்புரத்துல யார் வீட்டுலயாவது வச்சா என்ன?


முத்தியால்பேட்டை எழுதியது:

விழுப்புரமும் ஃபெஞ்சல்ல தண்ணியிலதான் நின்னுது தம்பி. திருச்சி, சேலம் பக்கம் ஆள் இருந்தா சரி. இல்லைன்னா ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ், அதாவது வாடகைக்கு எடுக்கற கிளவுட் சேமிப்பு. அமேசானுக்கு மும்பையிலும் ஐதராபாத்திலும் டேட்டா சென்டர் இருக்கு. ஆப்ஜெக்ட் லாக் போட்டுட்டா, குறிச்ச நாள் வரைக்கும் உன் அட்மின் பாஸ்வேர்ட் வச்சிருக்கறவனாலயும் அழிக்க முடியாது. அது கம்ப்ளையன்ஸ் முறையில (யாராலயும் தளர்த்த முடியாத பூட்டு) இருக்கணும், அதை ஞாபகம் வச்சுக்க. எல்லா விஎம்மையும் அனுப்பினா பில் ஏறும். இஆர்பி டேட்டாபேஸும் டேலியும் போனா போதும்.

வெள்ளிக்கடற்கரை அம்மா சொன்ன லாக் பரிசோதனையை நான் விட்டுட்டேன். அதை முதல்ல செய்யணும்.


கெடிலக்கரையான் எழுதியது:

தீபாவளி முடிஞ்சு எழுதறேன். ரெண்டு சர்வரும் 12.3.2.4165ல இருக்கு. என்ன நடந்ததுன்னு சொல்லிடறேன், இதே மாதிரி பின்னிக் கிடக்கிற அமைப்பு வச்சிருக்கறவங்களுக்கு உதவும்.

மேனேஜர்கிட்ட 6 மணி நேர விஷயத்தைச் சொன்னேன். "தெரிவிக்கலைன்னா யார் பேர் மேல வரும்?"னு கேட்டார். அதுக்கு மேல நான் பேச வேண்டி இருக்கலை.

சனிக்கிழமை லாக் பாத்தேன். "பாயிண்ட்"டும் இல்லை, அந்த மாதிரி எதுவும் இல்லை. ஆனா புதுச்சேரி வீம் சர்வர்ல "சப்போர்ட்"டுன்னு ஒரு லோக்கல் அட்மின் இருந்தது. நெஞ்சு ஒரு நிமிஷம் நின்னுடுச்சு. உருவான தேதியைத் தேடினா, சர்வரை நிறுவின வாரம். அப்ப வேலை பாத்த வெண்டாரோட ஆளுக்காக உருவாக்கினது, யாரும் நீக்கலை. பழையவருக்குப் போன் போட்டுக் கேட்டேன், அவரும் அதேதான் சொன்னார். கடைசியா எப்ப லாகின் ஆச்சுன்னு பாத்துட்டு நீக்கிட்டேன். எஸ்எக்ஸ்ஐ ரூட் பாஸ்வேர்டையும் மாத்தினேன்.

ஞாயித்துக்கிழமை காலையில என்டர்பிரைஸ் மேனேஜர், சத்தமில்லாம முடிஞ்சது. ஜாப் எல்லாம் டிசேபிள். கான்ஃபிகரேஷன் பேக்கப் என்கிரிப்ஷனோட. கடலூர் வீம் விஎம்முக்கு ஒரு ஸ்னாப்ஷாட்டும் எடுத்தேன், வேலை முடிஞ்சதும் அழிச்சிட்டேன்.

கடலூர் சர்வர் ஏறினதும் முத்தியால்பேட்டை அண்ணன் சொன்ன அந்தப் பட்டியல் வந்தது. மூணு வரி: கடலூர் ப்ராக்ஸி (விஎம்கள்ல இருந்து டேட்டாவை எடுத்து ரெப்போவுக்கு அனுப்பற மெஷின்), கடலூர் லினக்ஸ், கடைசியா சேதராப்பட்டு ரெப்போ. பக்கத்துல மஞ்சள் முக்கோணம். இவ்வளவு நாளா இதைக் கடலூர் கன்சோல்னு மட்டும்தான் நினைச்சிட்டிருந்தேன். அங்கே சேதராப்பட்டு மெஷின் பேரைப் பாத்தப்பதான் ஒரு வாரம் தள்ளி வைக்கலாம்னு நான் போட்ட திட்டம் எங்கே கொண்டு போய் விட்டிருக்கும்னு புரிஞ்சது. மூணுலயும் டிக் போட்டு அமுக்கினேன்.

லினக்ஸ் உடனே முடிஞ்சது. சேதராப்பட்டு ரெப்போ நின்னுது. ரீபூட் பண்ணணும்னு சொல்லுது. போன மாச விண்டோஸ் அப்டேட் ஏறி, ரீஸ்டார்ட்டுக்குக் காத்துக்கிட்டு இருந்திருக்கு. பையன் அன்னைக்கு சேதராப்பட்டுலதான் இருந்தான் (அவன் பட்டாசு நேரம் போச்சுன்னு புலம்பினது தனி). ரீஸ்டார்ட் பண்ணினான், மறுபடி ஓட்டினேன், ஏறிடுச்சு. யாராவது இதைச் செய்யப் போறீங்கன்னா, ரெப்போ, ப்ராக்ஸி எல்லாத்தையும் முந்தின நாளே ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணி வச்சுக்கங்க. வீம் சர்வரை மட்டும் பண்ணிட்டு மத்ததை மறந்துடுவோம்.

சும்மா பாக்கலாமேன்னு, கூறுகள் புதுசான அப்புறம் புதுச்சேரி பழைய கன்சோல்ல அந்த ரெப்போவை ரீஸ்கேன் பண்ணினேன். பதிப்பு ஒத்து வரலைன்னு சிவப்பு. அண்ணன் சொன்னது அட்சரம் பிசகலை.

புதுச்சேரி சர்வரை ஏத்தும்போதே மழை பிடிச்சது. ஜெனரேட்டர்ல டீசல் இருக்கான்னு வாட்ச்மேனுக்கு ரெண்டு தடவை போன் போட்டேன். இருந்தது. சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சு, 4165ம் போட்டு, ஜாப்களைத் திரும்ப எனேபிள் பண்ணினேன். முதல்ல லோக்கல் ஜாப், அது முடிஞ்சதும் காப்பி ஜாப். புதுச்சேரி டேலி ஃபோல்டரைக் கடலூர் நகல்ல இருந்து எடுத்து, ஒரு பழைய பிசியில திறந்து, செப்டம்பர் மாச பேலன்ஸை மேனேஜர்கிட்ட காட்டினேன். "இது முன்னாடியும் இப்படித்தானே இருந்தது"ன்னார். ஆமாம் சார், அதான் வேணும்.

இப்ப ரெண்டு கேள்வி மிச்சம். ஒண்ணு, டொமைன்ல இருந்து வெளியே எடுக்கறது. ரெண்டாவது, ரெண்டு வீம் சர்வர் எனக்கு உண்மையிலேயே வேணுமா? அடுத்த பேட்ச் வந்தா மறுபடியும் ரெண்டு ஊரையும் ஒரே நாள்ல மூடணும்னா, மறுபடியும் தள்ளித்தான் போடுவேன். என்னை எனக்குத் தெரியும்.


முத்தியால்பேட்டை எழுதியது:

நல்லா முடிச்ச. ரெண்டாவது கேள்விக்கு முதல்ல பதில்: வேண்டாம். உன் அளவுக்கு ஒரு வீம் சர்வர் போதும். கடலூர்ல வை. பெரிய ஆலை சேதராப்பட்டுல இருக்கு, அது விழும்போது எழுப்ப வேண்டிய சர்வரும் அதோட சேர்ந்து விழக் கூடாது. சேதராப்பட்டுல ஒரு ப்ராக்ஸியும் ரெப்போவும் இருந்தா ராத்திரி பேக்கப் அங்கேயே நடக்கும், கம்பியில கட்டளையும் நகலும் மட்டும் போகும். அடுத்த தடவை நீ ஏத்த வேண்டியது ஒரே சர்வர். என்டர்பிரைஸ் மேனேஜரே தேவைப்படாது, அதையும் கழட்டிடு. பேட்ச் போட வேண்டிய மெஷின் ஒண்ணு குறையும்.

மாத்தும்போது புதுச்சேரி ஜாப்களைக் கடலூர் கன்சோல்ல புதுசா உருவாக்கு. அதுக்கு முன்னாடி அங்கே ரெப்போவை ரீஸ்கேன் பண்ணினா பழைய பேக்கப் எல்லாம் பட்டியல்ல வந்து நிக்கும். புது ஜாப்பை அதோட மேப் பண்ணிக்க. இல்லைன்னா முழு பேக்கப் முதல்ல இருந்து ஓடி டிஸ்க் நிறையும். பழைய ஜாப்ல என்கிரிப்ஷன் இருந்தா பாஸ்வேர்ட் கேக்கும், அதைக் கையில வச்சுக்க. ஒரு வாரம் ஒழுங்கா ஓடினதும் புதுச்சேரி வீம் சர்வரை அணைச்சு வை. உடனே அழிக்காதே.

லினக்ஸ் ரெப்போ ஒரே சர்வருக்குச் சொந்தமானதுக்கு அப்புறம்தான் ஊபுன்டு 22.04. அப்பவே அதை ஹார்டன்ட் ரெப்போவா (குறிச்ச நாள் வரைக்கும் பேக்கப்பை அழிக்கவோ மாத்தவோ விடாத ரெப்போ) மாத்து, அந்த இம்யூட்டபிள் நாளை உன் டிஸ்க் இடத்தைப் பாத்து வை. எஸ்எஸ்எச்சை (தூரத்துல இருந்து லாகின் பண்ற வழி) மூடிடு. அந்த மெஷினோட ரிமோட் மேனேஜ்மென்ட் கார்டும் அதே நெட்வொர்க்ல தொங்கினா, பூட்டி வச்சும் பிரயோஜனம் இல்லை. அதைத் தனி விலான்ல (பிரிச்சு வச்ச நெட்வொர்க்) தள்ளு.

டொமைன் வேலை இதெல்லாம் நிலைச்ச அப்புறம். முதல்ல லோக்கல் அட்மின் ஒண்ணு உருவாக்கி, அதுல வீம் கன்சோல் திறக்குதான்னு பாரு. டேட்டாபேஸுக்கும் அந்த அக்கவுன்ட்டுக்கு அனுமதி கொடு. சர்வீஸ் எதாவது டொமைன் அக்கவுன்ட்ல ஓடுதான்னு தேடு, ஒண்ணு நிச்சயம் இருக்கும். இதெல்லாம் சரியானதும் வெளியே எடு. கான்ஃபிகரேஷன் பேக்கப் எடுத்துட்டு.


வெள்ளிக்கடற்கரை எழுதியது:

ஒரு சின்னத் திருத்தம் சார். டொமைனை விட்டு வெளியே வந்ததும் அந்த சர்வரின் கடிகாரம் டொமைன் கன்ட்ரோலரிடமிருந்து நேரம் வாங்காது. என்டிபியை (நெட்வொர்க் வழியாகக் கடிகாரத்தைச் சரிசெய்யும் முறை) அன்றே அமைத்துவிடுங்கள். லாகில் நேரம் பிசகினால் பிறகு எந்த நிகழ்வு எதற்கு முன் நடந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. செர்ட்-இன் உத்தரவிலும் நேரத்தைத் தேசிய என்டிபி சர்வரோடு ஒத்திசைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.


கெடிலக்கரையான் எழுதியது:

குறிச்சுக்கிட்டேன் அக்கா. ஒரே சர்வருக்கு மாத்தறதை டிசம்பர் கடைசிக்கு வச்சிருக்கேன், மழை விட்டதும். டொமைன் அதுக்கப்புறம். அண்ணே, அந்த "சர்வீஸ் ஒண்ணு நிச்சயம் இருக்கும்"னீங்களே, இப்பவே போய்ப் பாத்தேன். இருக்கு. டொமைன் அட்மினிஸ்ட்ரேட்டர்லயே ஓடுது.


முத்தியால்பேட்டை எழுதியது:

அதுக்கு டிசம்பர் வரைக்கும் காத்திருக்காதே. இன்னைக்கே மாத்து.